மதினி ஏறாத குதிரை

அந்தச் சேணத்தின் கனம் இன்றைக்கும் என் கைகளுக்குத் தெரியும். லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மதினி, வீட்டுக்குள் நுழையாமல் நேரே பின்பக்கம் போனாள். லாயத்துச் சுவரில் அடித்திருந்த மரமுளையிலிருந்து சேணத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். நான் அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைக்கக்கூட விடாமல் அதை என் மேல் சாய்த்தாள். தோலும் வேர்வையும் விளக்கெண்ணெயும் கலந்த வாடை. “இத எங்கண்ணுல படாத எடத்துல கொண்டு போய் வையி” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளுடைய இடது கை அடிவயிற்றின் மேல் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியாது போலிருந்தது. சேணத்தைச் சாக்கில் சுற்றி, சாமான்கள் போட்டுவைக்கும் அரங்கு வீட்டுப் பரணில் பழைய மிளகாய்க் கோணிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். திரும்பி வந்து பார்த்தபோது மதினி செவலையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் ஏறப்போகிறாள் என்று நினைத்துக் குதிரை முன்காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. அவளுக்கும் எனக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஜமீனில் அவளுடைய தகப்பனார் லாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாயில்லாமல் வளர்ந்த பிள்ளை. வீட்டில் விட்டுவிட்டுப் போக ஆளில்லாமல் தகப்பனார் அவளையும் லாயத்துக்குக் கூட்டிப்போய், குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்த்தார். ஜமீனில் வரும்படி குறைந்து குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்தபோது, கடைசியாக மிஞ்சிய பெண் குதிரையை அவருக்கே விட்டுவிட்டார்கள். அதுதான் செவலை. பருத்தி வாங்கப் போன என் அண்ணன், கரிசல் காட்டுப் பாதையில் குதிரை மேல் ஒரு பெண் போவதைப் பார்த்தான். வீட்டுக்கு வந்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். விசாரித்தபோது தூரத்துச் சொந்தமாகவும் இருந்தது. கல்யாணம் முடிந்து மாட்டு வண்டியில் அவளை அழைத்து வந்தபோது, வண்டிக்குப் பின்னால் கட்டிய கயிற்றில் செவலையும் நடந்து வந்தது. எங்கள் தெருவே வாசலுக்கு வந்து, பெண்ணைப் பார்ப்பதா குதிரையைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றது. மறு வருஷமே அவளுடைய தகப்பனார் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அந்தக் குதிரையைத் தவிர ஒன்றுமில்லை.

எங்களுக்குக் கொழும்பில் ஒரு கடை இருந்தது. வெங்காயம், மிளகாய், கருப்பட்டி வியாபாரம். ஊருக்கு வடக்கே கொஞ்சம் உப்பளமும் இருந்தது. அண்ணன் கடையைப் பார்த்தான். ஐயா அளத்தைப் பார்த்தார். அம்மா எப்போதோ போய்விட்டாள். ஐயாவுக்குக் கால் வீக்கம் வந்து நடக்க முடியாமல் ஆனபோது, “இவ போய்ப் பாத்துட்டு வரட்டுமே” என்று அண்ணன்தான் சொன்னான். அப்படித்தான் மதினி விடியற்காலையில் செவலையில் ஏறி அளத்துக்குப் போகத் தொடங்கினாள். புடவையைத் தார் பாய்ச்சிக் கட்டி, மேலே அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள். தெரு விழிப்பதற்குள் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள். ஊரில் பேசத்தான் செய்தார்கள். ஐயாவின் காதுக்கும் அது வந்தது. அளத்தில் வேலை ஒழுங்காக நடந்ததால் அவர் கேட்டும் கேளாதவர்போல இருந்தார். திரும்பி வரும்போது மதினியின் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் வேறு எந்த நேரத்திலும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

முதல் பிள்ளை தங்கியிருப்பது அவளுக்கே தெரியாது. அளத்திலிருந்து வந்து இறங்கியவள் லாயத்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் போய்விட்டது. குதிரையால்தான் என்று சொல்ல முடியாது, நடக்கிறதுதான் என்று லேடி டாக்டர் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் போகும்போது பின்பக்கம் எட்டி, செவலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனாள். மதினி யாரிடமும் வாதாடவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஏறினாள். ஆனால் அதற்குப் பிறகு குதிரையை ஓடவிட்டு நான் பார்க்கவில்லை. நடையிலேயே போவாள், நடையிலேயே வருவாள்.

யுத்தம் எங்கள் பக்கம் நெருங்கி வந்த வருஷம் அது. மாசி மாதம் வந்து கொஞ்ச நாள் தங்கிய அண்ணன், கொழும்புக்குக் கப்பலேறினான். அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும். லாஞ்சில் ஏறி அதுவரை போக வேண்டும். லாஞ்சு புள்ளியாகும்வரை மதினி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகு கொழும்பில் குண்டு விழுந்தது. இங்கேயும் விழும் என்று சொல்லி, எங்கள் தெருவில் பாதிப் பேர் கயத்தாறு பக்கம், கோயில்பட்டி பக்கம் என்று உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டினோம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்கள் பாதி வழியில் நின்றன. கப்பல் போக்குவரத்தும் நின்றது. அண்ணன் சுகமாக இருக்கிறான் என்று தகவல் மட்டும் வந்தது. அந்தச் சமயத்தில்தான் மதினி லேடி டாக்டரிடம் போய்விட்டு வந்து சேணத்தை என்னிடம் கொடுத்தாள்.

அங்கே என்ன பேச்சு நடந்தது என்று அன்று சாயங்காலம் சொன்னாள். “இந்தப் புள்ள நிக்கணும்னா குதிரைய மறந்துரணும்னு சொன்னாவ. ஏறக்கூடாதுன்னா ஏறல, மறக்க மட்டும் சொல்லாதீகன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

ஐயாவுக்கு விஷயம் தெரிந்ததும் வண்டிக்கார அண்ணாச்சியை வரச் சொன்னார். ரயில் நிலையத்தடியில் குதிரை வண்டிகள் விட்டுக்கொண்டிருந்தவர் அவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய குதிரைகளின் தோளில் எப்போதும் புண் இருக்கும். அவர் செவலையின் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தார், காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டினார். வயசானாலும் வண்டிக்கு ஆகும் என்றார். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஐயாவுக்கு எதிரே நின்று பேசாத மதினி, அப்போது கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

“மாமா, அத அனுப்பிராதீக.”

ஐயா திடுக்கிட்டுப் போனார். அவர் கோபக்காரர் இல்லை. “ஏற ஆளில்லாத குதிரை எதுக்குத் தாயி? கொள்ளு கிடைக்கதே பெரும்பாடா இருக்கு. அதோட, போன தடவை பட்டது போதாதா?”

“நான் ஏற மாட்டேன். புள்ள பெறந்து, நீங்களா ஏறுன்னு சொல்லுத வரைக்கும் ஏற மாட்டேன்.”

“அதுவரைக்கும் சும்மா நின்னு திங்கவா?”

“சும்மா நிக்க வேண்டாம். அளத்துக்குத் தண்ணி இழுக்கட்டும்.”

உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஊரிலிருந்து பீப்பாயில் கொண்டுபோக வேண்டும். அதற்கு வைத்திருந்த மாடு அந்த வருஷம் செத்துப்போயிருந்தது. வண்டிக்கார அண்ணாச்சிதான் சிரித்தார். “சவாரிக் குதிரை எங்கனம்மா தண்ணி வண்டி இழுக்கும்? முதுகுல ஆளிருந்தாத்தான் அதுக்கு நடக்கவே தெரியும்.”

“பழக்குதேன்.”

“ஏறாமலா?”

“நடந்து” என்றாள் மதினி.

ஐயா செவலையை ஒரு தடவை பார்த்தார். பிறகு, அண்ணாச்சிக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அதுதான் அவருடைய பதில் என்று எனக்குப் புரிந்தது.

குதிரையைப் பின்னாலிருந்து நடத்துவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். கடிவாளத்தில் நீளமான இரண்டு கயிறுகளைக் கட்டி, அவற்றைப் பிடித்துக்கொண்டு மதினி பத்தடி பின்னால் நடப்பாள். செவலை நாலு அடி வைக்கும், நின்று திரும்பிப் பார்க்கும். இத்தனை வருஷமாக முதுகில் இருந்தவள் இப்போது ஏன் தரையில், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வருகிறாள் என்று அதற்கு விளங்கவில்லை. முதல் நாட்களில் அது சுற்றி வந்து அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டது. மதினி அதைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. முகத்தைத் தடவி, மறுபடி முன்னால் நிறுத்தி, மறுபடி பின்னால் போய், “நட” என்பாள். பிறகு குரலாலேயே வலது, இடது என்று திருப்பப் பழக்கினாள். அடுத்து ஒரு பனந்துண்டைக் கட்டி இழுக்கவிட்டாள். அது தரையில் உரசும் சத்தத்துக்குச் செவலை மிரண்டு துள்ளியபோது, நான் ஓடிப்போய் மதினியைப் பிடித்து இழுத்தேன். “விடுளா, அது என்ன மிதிக்காது” என்றாள். மிதிக்கவில்லைதான். அதற்குப் பிறகு வெறும் வண்டி. ஆடி மாதக் காற்று வீசும்போது செவலை பீப்பாய் நிறையத் தண்ணீரை இழுத்துக்கொண்டு அளத்துக்குப் போக ஆரம்பித்தது. மதினி வண்டியில் உட்காரவில்லை. வண்டி குலுங்கினால் ஆகாது என்று பக்கத்திலேயே நடந்தாள்.

எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். அளத்தில் உப்பு வாரும் பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுத் தண்ணீருக்கு வருவார்கள். அவர்களுக்கு மதினி என்றால் கொஞ்சம் பயமும் கொஞ்சம் பிரியமும் உண்டு. அவர்களில் மூத்தவள் ஒருத்தி, மதினியின் வயிற்றையும் குதிரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஏம் தாயி, வயித்துப் புள்ளைக்காரி இந்த வெயில்ல வாரீகளே, வீட்டுல நெழல் இல்லையா?” என்று கேட்டாள். “நெழல் இருக்கு. பேசத்தான் ஆள் இல்ல” என்றாள் மதினி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. நான் இருந்தேனே. ஐயா இருந்தார். சாயங்காலம் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து மல்லி ஆய்வோம், பள்ளிக்கூடத்துக் கதைகளைச் சொல்வேன், அவள் கேட்டுச் சிரிப்பாள். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவள் என்னிடம் பேசியதைவிட லாயத்தில் பேசியதுதான் அதிகம். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நான் போனால் நிறுத்திவிடுவாள். கொழும்பிலிருந்து எப்போதாவது வரும் கடிதத்தில் கடை நிலவரம் இருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள் என்றிருக்கும். அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, குதிரையைத் தேய்க்கப் போவாள். தேய்த்து முடித்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

ஏழாம் மாதத்தில் மறுபடி ரத்தம் பட்டது. இனிப் பிரசவம்வரை எழுந்து நடமாடவே கூடாது என்று லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டிலைப் பின்பக்க அறையில், ஜன்னலோரமாகப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் கிணறு தெரியும், லாயம் தெரியாது. அளத்து ஆள் ஒருவர் தண்ணீர் வண்டியை ஏற்றுக்கொண்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செவலையை அவிழ்த்து ஜன்னலுக்குக் கொண்டுவருவேன். அது கம்பிக்குள் மூக்கை நுழைக்கும். மதினி படுத்தபடியே கையை நீட்டுவாள். ஒரு நாள் அவள் கை எட்டவில்லை. ஒருக்களித்துப் படுக்க வேண்டாம் என்று அன்றுதான் சொல்லியிருந்தார்கள். குதிரையின் மூக்குக்கும் அவள் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. செவலை மூச்சுவிட, அவள் விரலை அசைக்காமல் அந்த மூச்சு படும்படி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி மழை பிடித்த சமயம். நனைந்த சோளத்தட்டையைத் தின்றதோ என்னவோ, செவலைக்கு வயிறு கட்டிக்கொண்டது. மத்தியானம் நான் வந்தபோது அது லாயத்துக்கு வெளியே சேற்றில் விழுந்து கிடந்தது. உடம்பெல்லாம் வேர்வை. தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்தது. பெருங்காயமும் ஓமமும் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டியிருந்தார்கள். எழுப்பி நடத்தினால் பிழைக்கும், படுத்து உருண்டால் குடல் முறுக்கிச் செத்துவிடும் என்றார்கள். இரண்டு ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தும் அது எழவில்லை. வண்டிக்கார அண்ணாச்சியும் வந்து பார்த்துவிட்டு, “இது தேறாது அண்ணாச்சி” என்று ஐயாவிடம் மெதுவாகச் சொன்னார்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது. “ஏளா, செவலை படுத்துட்டா?”

“இல்ல மதினி, நிக்கி” என்றேன் ஜன்னலருகே போய்.

“பொய் சொல்லாத. அது மொனங்குதது எனக்குக் கேக்கி.” அவள் முகம் வெளுத்திருந்தது. “என்னக் கட்டிலோட தூக்கிட்டுப் போங்க. நான் எந்திரிக்கல, நடக்கல. கட்டிலோட தூக்குங்க.”

நான் ஐயாவைப் பார்த்தேன். போன பிள்ளையையும் இந்தக் குதிரைதான் கொண்டுபோனது என்று நம்புகிறவர் அவர்.  அவர் ஜன்னலருகே வந்து மதினியைப் பார்த்தார். பிறகு கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, “வாங்கல, ஆளுக்கொரு கால் பிடிங்க” என்று ஆட்களைக் கூப்பிட்டார். கட்டிலின் நாலாவது காலை, அந்த வீங்கிய காலோடு, அவரே பிடித்தார்.

கட்டிலை வேப்பமரத்தடியில் இறக்கினோம். மதினி படுத்தபடியே தலையை மட்டும் திருப்பினாள். நாக்கைச் சப்புக் கொட்டி ஒரு சத்தம் எழுப்பினாள். செவலையின் காது அசைந்தது. “ஏ செவலை, எந்தி” என்றாள். அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போட்டுவிட்டது. “எந்தி. நானும்தான் படுத்துக் கெடக்கேன். நீயும் படுத்துட்டா யாரு பாப்பா? எந்திரி தாயி.” அவள் குரல் உயரவில்லை. பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி, திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். செவலை முன்கால்களை ஊன்றியது. வழுக்கியது. மறுபடி ஊன்றி, உடம்பு முழுவதும் நடுங்க எழுந்து நின்றது. நான் கயிற்றைப் பிடித்தேன். “நிக்கவிடாத, நடத்து” என்றாள் மதினி.

கட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். தூறல் விழ ஆரம்பித்தது. ஐயா உள்ளே போய்க் குடையைக் கொண்டுவந்து மருமகளின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். தான் நனைவது அவருக்குத் தெரியவில்லை. குதிரை தயங்கும்போதெல்லாம் மதினி பேசினாள். கரிசல்காட்டு ஊர்ப் பெயர்களைச் சொன்னாள், அவளுடைய அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னாள். எல்லோருக்கும் எதிரே அவள் அதனோடு பேசியது அன்று ஒருநாள்தான். பொழுது சாயும் நேரத்தில் செவலை நின்றது, வாலைத் தூக்கியது, லத்தி போட்டது. “போட்டுட்டு!” என்று வண்டிக்கார அண்ணாச்சி கூவினார். ஐயா குடையோடு கையைத் தூக்கிவிட்டார். நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். மதினி மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கை வயிற்றின் மேல் இருந்தது. “இதுவும் ஒதைக்கி” என்றாள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அண்ணனுக்குத் தகவல் அனுப்பினோம். சந்தோஷம் என்று பதில் வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே கொழும்பிலிருந்து சிலர் வேறு வழியாகச் சுற்றி ஊருக்கு வந்துபோனார்கள். அண்ணன் வரவில்லை. கடையை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பினான். 

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் ஐயாவே ஒருநாள் லாயத்துப் பக்கம் போய், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இனி ஏறேன் தாயி. அளத்த யாரு பாக்கா?” என்றார். சொன்ன சொல்லிலிருந்து அவளை விடுவிக்கத்தான் அப்படிச் சொன்னார். “பாப்போம் மாமா” என்றாள். ஏறவில்லை. மறு வருஷமும் ஏறவில்லை. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, மறு கையில் கயிற்றைப் பிடித்து, செவலையோடு அளத்துக்கு நடந்தே போனாள். பிள்ளை உட்காரப் பழகியதும் அதைக் குதிரை மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். பிள்ளைக்காகத்தான் ஏறவில்லை என்று ஐயா நினைத்தார். புருஷன் வந்த பிறகு ஏறலாம் என்று வைராக்கியமாக இருக்கிறாள் என்று நான் நினைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. அவளிடம் கேட்க முடியாதவை அப்போது நிறைய இருந்தன.

யுத்தம் முடிந்த பிறகு அண்ணன் வந்தான். உடம்பு பெருத்து, கண்ணாடி போட்டு, வேற்று மனிதனைப்போல லாஞ்சிலிருந்து இறங்கினான். மகள் என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். அவன் மதினியிடம் மரியாதையாகப் பேசினான், அவளும் மரியாதையாகப் பதில் சொன்னாள். மறுநாள் காலை அவன் லாயத்துக்கு வந்து, செவலையைத் தட்டிக் கொடுத்து, “இன்னும் கெடக்கா இது? ஏறிக் காட்டேன், பிள்ளை பாக்கட்டும்” என்றான். ஏதாவது சந்தோஷமாகப் பேச வேண்டுமே என்றுதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். மதினி என்னிடம் சேணத்தைக் கேட்டாள். பரணிலிருந்த சேணம் உப்புக் காற்றில் விறைத்து விரிசல் விட்டிருந்தது. ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, கிணற்றுக் கைப்பிடிச்சுவரில் கால் வைத்து ஏறினாள். தெருவைத் தாண்டும்வரை நடையில் போனாள். வேம்பார் போகிற ரோட்டில் திரும்பியதும் குதிரை ஓட ஆரம்பித்தது. அந்த வயதில் அதற்கு அவ்வளவு ஓட்டம் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வெயில் ஏறியது. அவள் வரவில்லை. அண்ணன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தான். “எங்கயும் விழுந்து கிடக்காளோ” என்றான். ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டான். “வருவா” என்றார் ஐயா. ஆனால் அவரும் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வாசலைவிட்டு நகரவில்லை. உச்சி வெயிலில் அவள் வந்தாள். இறங்கி, குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். செவலையின் கால்களில் முழங்கால்வரை ஈரமணல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், எல்லோருக்கும் சோறு போட்டாள்.

சாயங்காலம் அவள் குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன். “இத்தன வருசமா ஏன் மதினி ஏறல?”

“ஏறினா திரும்பி வர மாட்டனோன்னு பயமா இருந்துச்சு” என்றாள்.

“எங்க போயிருப்பீக?”

“அது தெரிஞ்சா பயம் எதுக்கு?” தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “இன்னைக்கும் அப்படித்தான் போனேன். கடல் தண்ணியில எறங்கி நின்னோம். அப்பா இல்ல, ஊரு இல்ல. எங்கயாவது போயிருக்கலாம்தான். நான் கடிவாளத்தத் தொடல. இதுதான் திரும்பிச்சு.”

அவள் குரலில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பக்கத்தில் தவிட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு, இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இவளோடு இருந்தும் ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கிறேன் என்று தோன்றியது.

இரண்டு மாதம் கழித்து அண்ணன் அவளையும் பிள்ளையையும் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனான். குதிரையைக் கொண்டுபோக வழியில்லை. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஐயா சொல்லிவிட்டார். போகிற அன்று காலையில் மதினி லாயத்துக்குப் போய்த் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தேன். தொட்டி நிரம்பியதும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் ஊருக்கு வந்தது ஐயா இறந்தபோது ஒருமுறைதான். அப்போது செவலையும் போய்விட்டிருந்தது. மகளும் பேரப்பிள்ளைகளுமாகக் கொழும்பிலேயே இருந்து, அங்கேயே காலமானாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, அதே வீட்டில் இருக்கிறேன். அளம் கைமாறிவிட்டது. வேம்பார் ரோட்டில் இப்போது லாரிகள் இடைவெளியில்லாமல் போகின்றன. அதைக் குறுக்கே கடக்கவே யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அவர்கள் போன மறுநாள் காலை நன்றாக நினைவிருக்கிறது. செவலை லாயத்து வாசலில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை அவிழ்த்து அளத்துப் பாதையில் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, உப்பு வாரும் பெண்களில் அந்த மூத்தவள் திரும்பிப் பார்த்து, “ஏம் டீச்சரம்மா, ஏறிப் போக வேண்டியதுதான?” என்றாள். “எனக்கு ஏறத் தெரியாதே” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் வா, ஏறு என்று மதினி என்னைக் கூப்பிட்டதில்லை. எனக்கும் சொல்லிக் கொடு என்று நானும் கேட்டதில்லை. அழுகை வந்தது. வரப்பின் மேல் நடந்தேன். வெயில் என் வலது பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் செவலை தானாக எனக்குப் பின்னால் சுற்றி, வலது பக்கம் வந்து நடந்தது. அதன் நிழல் என் மேல் விழுந்தது. வயிற்றுப் பிள்ளையோடு நடந்த நாட்களில் மதினி அதை அப்படிப் பழக்கியிருக்க வேண்டும். அவளுடைய அந்த நிழலில் நான் அளம்வரை போய்விட்டுத் திரும்பினேன்.